வாவிக்கரைக் களி, வயற்கரைச் சாம்பல்: விறகுச் சூளைக்காரரின் கேள்விகளுக்குப் பதில்கள்

விறகில் சுடும் பாவனைப் பாத்திரங்கள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கிணறு வெட்டியபோது ஆறடிக்குக் கீழே சாம்பல் நிறக் களி வந்தது. சட்டி, கோப்பை செய்ய உதவுமா? பார்ப்பது எப்படி?
— வந்தாறுமூலை வாசகி

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாம்பல் நிறம் பெரும்பாலும் மண்ணில் மக்கிய இலை, வேர் முதலியவற்றால் வருவது. சூளையில் அது எரிந்துபோய் இரும்பின் சிவப்பு வெளியே வரும்.

பிசைந்த களியைச் சின்னிவிரல் தடிப்பில் திரியாக உருட்டி, விரலைச் சுற்றி வளையுங்கள். உடனே முறிந்தால் மணல் கூட. கையில் பசைபோல ஒட்டிக்கொண்டு நூலாக நீண்டால் கொழுத்த களி. வனைய இன்பமாக இருக்கும், காயும்போது பிளக்கும். இலேசாகக் கீறல் விட்டு, முறியாமல் வளைவதே வேண்டிய பதம்.

அடுத்து 14 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிப்பில் நாலைந்து வில்லைகள் செய்து, ஈரத்திலேயே ஒவ்வொன்றிலும் சரியாக 10 செ.மீ. கோடு கீறுங்கள். காய்ந்த பிறகும் சுட்ட பிறகும் அந்தக் கோட்டை அளவுங்கள். சுட்டபின் 9.2 செ.மீ. இருந்தால் சுருக்கம் 8 வீதம். 6 முதல் 10 வீதம் வரை பயமில்லை. 12 வீதத்தைத் தாண்டினால் உலர்ந்த களியின் நிறையில் 10 முதல் 15 வீதம் வரை ஆற்றுமணல் சேருங்கள். கடல்மணல் கூடவே கூடாது. உப்பும் ஊரித்தூளும் (சிப்பிப் பொடி) அதோடு வந்துவிடும்.

காய்ந்த வில்லையின் ஓரங்களில் வெள்ளைப் பூ பூத்தால் களியில் உப்பு இருக்கிறது. வாவியை அண்டிய மண்ணில் இது வழமை. களியை நல்ல தண்ணீரில் கரைத்து, அடைய விட்டு, மேல்நீரை வார்த்துவிடுங்கள். மூன்று நாலு தடவை இப்படிச் செய்தால் பெரும்பகுதி உப்பு போய்விடும். செங்கல் தொழிற்சாலைகளில் இதற்குப் பேரியம் காபனேற்று போடுவார்கள். அது நஞ்சு. வீட்டில், அதுவும் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு, வேண்டாம்.

கரைக்க முன்னர் களியை முற்றாகக் காயவைத்து, பாக்களவு கட்டிகளாக உடையுங்கள். அரைகுறை ஈரத்தில் உள்ள கட்டி நாட்கணக்கில் ஊறினாலும் நடுவில் கரையாது. நன்றாகக் காய்ந்த கட்டி தண்ணீரைக் கண்டதும் சலசலவென்று உதிர்ந்துவிடும். கரைந்த கூழை இரண்டாக மடித்த நுளம்பு வலையில் வடித்து, சீலை விரித்த செங்கல் தளத்தில் ஊற்றி இறுகவிட்டு, பிசைந்து, பொலித்தீனில் கட்டி இரண்டு மூன்று கிழமையாவது வைத்திருங்கள்.

சூளையிலிருந்து எடுக்கும்போது முழுதாக இருந்த சட்டிகளில் ஒரு கிழமைக்குள் காசளவு சில்லுகள் தெறிக்கின்றன. தெறித்த குழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. நெருப்புக் குறைவா?
— களுவாஞ்சிகுடி வாசகர்

நெருப்பில் பிழையில்லை. அந்த வெள்ளைப் புள்ளிதான் காரணம். அது ஒரு மட்டித் துண்டு, அல்லது ஊரித்தூள். சிப்பி ஓடு கல்சியம் காபனேற்று. சுமார் 825 பாகை செல்சியசுக்கு மேலே அது நீறாத சுண்ணாம்பாகிவிடும். சூளையை விட்டு வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து நீறி உப்பும். உப்பும்போது மேலே இருக்கும் மண்ணைத் தள்ளி எறிகிறது. எங்கள் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இங்கே ஒரு கிழமையே போதும்.

முதல் மருந்து சல்லடை. அரை மில்லிமீற்றருக்கு மேற்பட்ட எதுவும் களிக்குள் போகக்கூடாது. பொடியாக இருக்கும் சுண்ணாம்பு தெறிக்காது, துண்டுதான் தெறிக்கும். காய்ந்த களிக்கட்டியில் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அந்த இடத்து மண்ணை விட்டு வேறிடம் தேடுவதே நல்லது.

இரண்டாவது வழி, 800 பாகைக்கு மேலே ஏற்றாமல் சுடுவது. சமையற் சட்டிக்கு அந்தச் சூடு போதும். கோப்பை, தட்டுக்கு மண் கொஞ்சம் மென்மையாக இருக்கும். மூன்றாவது, ஏற்கனவே சுட்டு வந்தவற்றைக் காப்பாற்ற: சூளையிலிருந்து எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்தி ஓர் இரவு வையுங்கள். சுண்ணாம்பு சட்டென்று நீறி, உப்புவதற்குப் பதிலாக ஓரளவு கரைந்தும் போகும். எல்லாம் பிழைக்கும் என்று சொல்ல மாட்டோம். பெரிய துண்டு உள்ள சட்டி எப்படியும் தெறிக்கும்.

இலை, ஓலை, பாய் ஆகியவற்றின் அச்சைத் தட்டுகளில் பதிக்கிறேன். அழகாக வருகிறது. ஆனால் ஓரம் முறுக்கிக்கொள்கிறது. எந்த இலை நல்லது?
— ஆரையம்பதி வாசகி

இலைக்கு வருமுன் ஒரு சொல். தட்டின் நடுவில், சோறு படும் இடத்தில், ஆழமான அச்சு வேண்டாம். கறி அந்தக் கோடுகளுக்குள் புகுந்தால் கழுவி எடுக்க முடியாது. மெருகு (கண்ணாடிபோன்ற பூச்சு) இல்லாத மண்ணென்றால் மணமும் போகாது. அச்சைத் தட்டின் கீழ்ப்புறத்துக்கோ விளிம்புக்கோ கொண்டுபோங்கள். கோப்பைக்கும் குடத்துக்கும் வெளிப்புறம்தான் இடம். பன்பாயின் பின்னல் அச்சு கூசாவின் இடுப்பில் இருந்தால் ஈரக்கை வழுக்காது. அந்த அச்சுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. வேலையில்லாத இடத்தில் இலையை ஒட்டினால் அது வெறும் அலங்காரம்தான்.

நரம்பு புடைத்த இலைதான் பதியும்: தேக்கு, பூவரசு, அரசு, சேம்பு. அடிப்பக்கம் களியைத் தொட வேண்டும். 7 முதல் 8 மி.மீ. தடிப்புக்குக் களியை உருட்டி, இலையை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே அழுத்தத்தில் உருளையை ஓட்டுங்கள். இலையை உடனே உரிக்காதீர்கள். களி தோல்போல இறுகித் தோற்பதம் அடைந்த பிறகு காம்பில் பிடித்து மெதுவாகத் தூக்கினால், சேம்பிலையின் ஓரத்து நரம்பு வளையம்கூட முறியாமல் நிற்கும். கிழிந்து ஒட்டிக்கொண்ட துண்டை அப்படியே விடலாம், சூளையில் எரிந்துவிடும்.

தாமரையிலைத் தட்டு செய்ய விரும்புவோர், நடுவிலிருந்து கதிர்போல ஓடும் நரம்புகளோடு இலையைக் களித்தகட்டில் பதித்து, கவிழ்த்த ஒரு கிண்ணத்தின் மேல் சீலையிட்டுப் போர்த்துங்கள். இலையின் ஓரத்தைப் போலத் தட்டின் ஓரத்தையும் மெல்லியதாக்க ஆசை வரும். அங்கேதான் முறுக்கல் தொடங்குகிறது. விளிம்பு 6 மி.மீ. ஆவது இருக்கட்டும். ஈரச் சீலையால் துடைத்து ஓரத்தை உருட்டிவிட்டால் கண்ணுக்கு மெல்லியதாகவே தெரியும்.

முறுக்கலுக்கு மற்றக் காரணம் காயும் விதம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றுப்படும் ஓரம் முதலில் சுருங்கி, ஈரமான நடுவை இழுக்கும். தட்டை இரண்டு பலகைகளுக்கு நடுவே பத்திரிகைத்தாள் வைத்து, தாளை நாளுக்கு ஒருமுறை மாற்றி, முதல் மூன்று நாலு நாள் பொலித்தீனால் மூடிக் காயவிடுங்கள். விளிம்பை மட்டும் ஈரச் சீலையால் சுற்றிவைப்பதும் நல்லது.

வயலில் களி எடுத்து, செய்து விற்கலாமா?
— சம்மாந்துறை வாசகர்

வியாபாரத்துக்காகக் களி அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதைக் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

வளவுக்குள் சின்னச் சூளை ஒன்று கட்ட விருப்பம். சாதாரண செங்கல் போதுமா? எத்தனை கல்?
— அக்கரைப்பற்று வாசகர். கிரான் வாசகியும் இதையே கேட்டிருக்கிறார்

900, 950 பாகை வரை சுடுவதென்றால் சாதாரண செங்கல் போதும். அதற்கு மேலே போனால் செங்கல்லே உருகத் தொடங்கும், தீச்செங்கல் வேண்டும்.

உட்புற விட்டம் 90 செ.மீ. கொண்ட வட்டச் சூளை ஒரு குடும்பத்துக்கு அளவானது. சுவர் ஒரு முழுக்கல் நீளத் தடிப்பு. கீழே 45 செ.மீ. உயர நெருப்பறை, அதன்மேல் துளைகளுள்ள தளம், தளத்துக்கு மேல் 90 செ.மீ. பாத்திர அறை. மேற்புறம் திறந்திருக்கும், அடுக்கிய பிறகு உடைந்த ஓட்டுத் துண்டுகளை இரண்டு படையாகப் பரப்பி மூடுவீர்கள். சுவருக்கு ஏறக்குறைய 500 கல், தளத்துக்கும் நடுத்தூணுக்கும் இன்னும் 100. தளத்தில் 5 முதல் 6 செ.மீ. அகலத் துளைகள் 30 வரட்டும், ஓரத்தில் கூடவும் நடுவில் குறையவும். நெருப்பு இயல்பாகவே நடுவால் ஏறப் பார்க்கும், ஓரத்துச் சட்டிகள் பச்சையாக நின்றுவிடும். விறகு வாய் 40க்கு 40 செ.மீ.

சாந்துக்குச் சீமெந்து போடாதீர்கள். சூட்டில் அது பொடியாகிவிடும். ஒரு பங்கு களிக்கு இரண்டு பங்கு மணல் கலந்த சேறே சூளையோடு சேர்ந்து விரிந்து சுருங்கும். வெளிச்சுவரைச் சுற்றி இரண்டு இடத்தில் இரும்புப் பட்டை அல்லது முறுக்கிய கம்பி கட்டிவிடுங்கள். கட்டாத சூளை நாளடைவில் பிளக்கும்.

எழுவான்கரைப் பக்கத்து (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரை) மணலில் மாரியில் நீர்மட்டம் மேலே வந்துவிடும். ஈரநிலத்தில் நிற்கும் சூளை விறகின் சூட்டில் ஒரு பங்கை நிலத்தை உலர்த்தவே செலவழிக்கும். ஆகவே 30 முதல் 45 செ.மீ. உயர மேடை கட்டி, அதன்மேல் உடைந்த கல்லும் மணலும் போட்டுச் சூளையை எழுப்புங்கள். கச்சான் காற்று நேரே விறகு வாய்க்குள் அடிக்காதபடி வாயைத் திருப்புங்கள், அல்லது மறைப்புச் சுவர் வையுங்கள். காற்று உள்ளே அடித்தால் ஒருபக்கம் கருகி மறுபக்கம் வேகாது. கிடுகுக் கூரை, வேலி, தென்னை வட்டு எல்லாவற்றிலும் இருந்து விலகியிருக்க வேண்டும்.

நெருப்பு மூட்டி அரை மணித்தியாலத்தில் உள்ளே வெடிச்சத்தம். திறந்தால் நாலு பானை தூள். களிக்குள் காற்றுக்குமிழி இருந்ததா?
— திருக்கோவில் வாசகர்

காற்றுக்குமிழியைப் பலரும் பழி சொல்கிறார்கள். வெடிக்க வைப்பது ஈரம். காய்ந்ததாகத் தெரியும் பானையின் தடித்த அடிக்குள் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். 100 பாகையில் அது நீராவியாகும், வெளியேற வழியில்லாவிட்டால் பானையை உடைத்துக்கொண்டு போகும். பானையின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம். மாரி மாதங்களில் நிழலில் மட்டும் காய்ந்த பானையை நம்பாதீர்கள். அடுப்படிச் சூட்டில் அல்லது வெயிலில் இரண்டு நாள் கவிழ்த்து வையுங்கள்.

சுடும் ஒழுங்கு இது. முதல் மூன்று நாலு மணித்தியாலம் நெருப்பறைக்குள் அல்ல, வாய்க்கு வெளியே, இரண்டு மூன்று தடித்த கட்டைகளின் தணல் மட்டும். மேலே ஓட்டு இடுக்கில் ஒரு குளிர்ந்த கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். மங்கினால் இன்னும் ஈரம் வருகிறது, அவசரப்படாதீர்கள். மங்காமல் தெளிந்த பிறகுதான் தணலை உள்ளே தள்ள வேண்டும். அங்கிருந்து 600 பாகை வரை மணித்தியாலத்துக்கு 100 பாகை போதும். 450 முதல் 600 வரை களியின் உடம்போடு கலந்த நீர் பிரிகிறது. 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்சு சட்டென்று விரிகிறது. இந்த இடத்தில் ஓடக்கூடாது.

இருட்டில் பார்த்தால் மங்கிய சிவப்புத் தெரியும்போது 650, 700 பாகை. இதற்குப் பிறகு மெல்லியதாகப் பிளந்த விறகைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுங்கள். ஒரேயடியாக வாயை நிரப்பினால் காற்றில்லாமல் புகைதான் வரும், சூடு இறங்கும். 700 முதல் 850 வரை பொறுமையாகப் போனால் களிக்குள் உள்ள கரி எரிந்துவிடும். அவசரப்பட்டால் உடைந்த ஓட்டின் நடுவில் கறுப்புக்கோடு நிற்கும். அப்படிப்பட்ட சட்டி பலம் குறைந்தது. செம்மஞ்சள் நிறம் எட்டினால் 900ஐத் தாண்டிவிட்டீர்கள். அரை மணித்தியாலம் அப்படியே பிடித்து, வாயைக் கல்லும் சேறும் வைத்து அடையுங்கள். இந்த அளவுச் சூளைக்கு 200 முதல் 250 கிலோ உலர்ந்த விறகு கைவசம் இருக்கட்டும்.

ஒரு முழு நாள் ஆறவிடுங்கள். இறங்கும்போதும் 573 பாகை வரும், இம்முறை குவார்ட்சு சுருங்கும். அந்நேரம் திறந்து குளிர்காற்றை விட்டால் மயிர்போன்ற கூரான வெடிப்பு ஓடும். அகன்று வாய் பிளந்த வெடிப்பு என்றால் அது காயும்போதோ ஏறும்போதோ வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் எங்கே திருத்துவது என்று தெரிந்துவிடும்.

எந்த விறகு நல்லது? கண்டல் விறகுதான் சூடு என்கிறார்கள்.
— வாழைச்சேனை, பொத்துவில் வாசகர்கள்

சூடு உண்மைதான், தொடக்கூடாது. கண்டல் வெட்டுவது சட்டப்படி குற்றம். அது போனால் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் வாவியில் இடமில்லை. வாவியைப் பார்த்துப் பாத்திரம் செய்கிறவர் கண்டலை எரிப்பது நியாயமில்லை.

சவுக்கின் கழித்த கிளை, மரமுந்திரிகை, வேம்பு, கிளிசரிடியா, யூக்கலிப்டஸ் எல்லாம் உதவும். கிளிசரிடியா வெட்டிய மூன்று நாலு மாதமாவது காய வேண்டும். கடைசி மணித்தியாலத்து நீண்ட சுவாலைக்குத் தென்னம்பாளையும் காய்ந்த மட்டையும் சிறந்தவை. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையில் உப்பிருக்கும். அதன் ஆவி சட்டிக்கு அழகான நிறம் தரலாம், மூச்சுக்கு ஆகாது, சூளைச் செங்கல்லையும் அரிக்கும். வர்ணம் பூசிய பலகை, மருந்தூட்டிய மின்கம்பத் துண்டு, தார் பூசிய சிலிப்பர்க் கட்டை எதையும் போடாதீர்கள். ஈயமும் ஆசனிக்கும் சாம்பலில் தங்கிவிடும். அந்தச் சாம்பல் சாப்பாட்டுப் பாத்திரத்தில் படியும்.

அடுப்புச் சாம்பலையும் நெல் ஆலை உமிச்சாம்பலையும் குழைத்துப் பூசிச் சுட்டேன். மெருகு வரவில்லை, தேய்த்தால் கொட்டுகிறது. என்ன பிழை?
— அட்டாளைச்சேனை வாசகி

சூடு போதாது. விறகுச் சாம்பல் 1240 பாகைக்கு மேலேதான் கண்ணாடியாக உருகும். மேலே சொன்ன வட்டச் சூளையில் அது நடக்காது. தீச்செங்கல்லால் கட்டி, புகைபோக்கி வைத்து, 1250 முதல் 1280 பாகை வரை ஏற்றும் சூளை வேண்டும். உடம்புக் களியும் மாற வேண்டும். நமது சிவப்புக் களி அந்தச் சூட்டில் கொப்புளித்துச் சரிந்துவிடும். தெடியாவலைக் களி, மீட்டியாகொட அல்லது பொரலஸ்கமுவ கயோலின் (வெண்களி), மாத்தளைப் பக்கத்துப் பெல்ஸ்பார் (மெருகை உருகவைக்கும் கல்) ஆகியவை இலங்கையிலேயே கிடைக்கின்றன.

இரண்டு சாம்பலும் ஒன்றல்ல. விறகுச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசும் மிகுதி, அது உருக்கும். உமிச்சாம்பலில் ஏறக்குறைய 90 வீதம் சிலிக்கா, அது உருகாது. உருகும் மெருகுக்குள் கலந்து பால்வெள்ளை தரும். தொடங்க ஒரு கலவை: நிறையில் விறகுச் சாம்பல் 400 கிராம், பெல்ஸ்பார் 400 கிராம், வெண்களி 200 கிராம், தண்ணீர் ஒரு லீற்றரிலிருந்து. பச்சை கலந்த தேன் நிறம் வரும். பால்வெள்ளை வேண்டுமென்றால் விறகுச் சாம்பல், பெல்ஸ்பார், உமிச்சாம்பல் மூன்றும் சம அளவு. உமிச்சாம்பல் கறுப்பாக இருந்தால் கரி போகவில்லை. வெள்ளையாகும்வரை மறுபடி எரித்து, தண்ணீரோடு நன்றாக அரைக்க வேண்டும். சாம்பலைச் சலிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஈரச்சாம்பல் தோலை அரிக்கும், உலர்தூசு நுரையீரலுக்குக் கேடு.

நம் மண்ணைக் கைவிட வேண்டியதில்லை. 1250இல் சரிகிற அதே சிவப்புக் களியை மூன்று பங்கும் விறகுச் சாம்பல் ஒரு பங்குமாகக் கரைத்து, வெண்களிக் கோப்பையின் வெளியே பூசிப் பாருங்கள். பல களிகள் கறுப்பு, கபில நிறத்து மெருகாக உருகும். வாவிக்கரை நிறம் என்றால் எங்களுக்கு அதுதான். முதலில் ஒரு சின்னத் தட்டுக்குள் வைத்த வில்லையில் சோதியுங்கள். ஓடினால் சூளைத் தட்டில் ஒட்டிவிடும். கோப்பையின் அடியில் இரண்டு செ.மீ. பூசாமல் விடுங்கள். எந்தக் கலவைக்கும் ஈயம் சேர்க்கவே வேண்டாம்.

அந்த உயர்சூட்டுச் சூளையில் மட்டி ஓட்டின்மேல் பாத்திரத்தைக் கிடத்தினால் ஓட்டின் அச்சு விழுமாமே?
— கல்லடி வாசகர்

விழும். கயோலினும் மணலும் பிசைந்த உருண்டையை ஓட்டுக்குள் நிரப்பி, ஓட்டின் புறமுதுகு பாத்திரத்தைத் தொட வைத்து அடுக்குங்கள். சாம்பல் ஓட்டைச் சுற்றி உருகி, வரிவரியான தடம் நிற்கும். ஓடு நீறாத சுண்ணாம்பாகியிருக்கும், தண்ணீரில் போட்டால் கொதித்து உதிரும். கண்ணுக்கும் கைக்கும் மறைப்பில்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

தயிர்ச் சட்டியும் சோற்றுப் பானையும் செய்கிறேன். தண்ணீர் கசிகிறது என்று வாங்கியவர்கள் சொல்கிறார்கள். ஒரு லீற்றர் சட்டி சுட்டபின் சிறுத்தும் விடுகிறது.
— அம்பாறை வாசகர்

தயிர்ச் சட்டி கொஞ்சம் குடிக்கத்தான் வேண்டும். எருமைப்பாலின் நீரை மண் இழுப்பதால்தான் தயிர் கட்டியாக நிற்கிறது. தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். வெளியே ஈரப்பசை தெரிந்தால் சரி. சொட்டுச் சொட்டாக விழுந்தால் வெடிப்பு அல்லது வேகாத மண். தட்டிப் பார்த்தால் வெந்தது கணீரென்னும். தயிர்ச் சட்டிக்கு 800 முதல் 850 பாகை, சுவர் 5 முதல் 6 மி.மீ.

சோற்றுப் பானைக்கு அடி உருண்டையாக, மூலையில்லாமல், சுவர் எங்கும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். தடித்த அடியும் மெல்லிய தோளும் வேறு வேறு வேகத்தில் விரிந்து பிளக்கும். களியில் கண அளவில் நாலிலொரு பங்கு மணல் இருந்தால் அடுப்புச் சூட்டைத் தாங்கும். வாங்குகிறவருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்: ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவிட்டு, கஞ்சித்தண்ணீரை மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்து, அதற்குள்ளேயே ஆறவிட வேண்டும். கஞ்சியின் மாப்பொருள் துளைகளை அடைக்கும். சுடச்சுட இருக்கும் பானைக்குள் பச்சைத்தண்ணீர் ஊற்றக்கூடாது. காஸ் அடுப்பில் முதல் பத்து நிமிடம் மிகச் சிறிய நெருப்பு.

அளவுக்குக் கணக்கு உண்டு. உங்கள் களியின் சுருக்கம் 8 வீதமென்றால், சுட்டபின் 15 செ.மீ. வாய் வேண்டுமானால் ஈரத்தில் 15ஐ 0.92ஆல் வகுங்கள்: 16.3 செ.மீ. கொள்ளளவு மூன்று பக்கமும் சுருங்குவதால் 0.92ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும், அது 0.78. ஒரு லீற்றர் சட்டிக்கு ஈரத்தில் 1.28 லீற்றர் பிடிக்க வனையுங்கள். வாய்விட்டத்துக்கும் உயரத்துக்கும் இரண்டு ஈர்க்குக் குச்சிகளை வெட்டிச் சக்கரத்தருகே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சட்டியும் அதே அளவில் வரும். புதுக் களி எடுத்தால் வில்லையைத் திரும்பச் சுட்டு, குச்சியையும் மாற்றுங்கள்.